வாஷிங்டனில் ஆள் மாறும்போது பெய்ஜிங் என்ன செய்கிறது?

(பல்கலைக்கழகப் பொருளியல் துறையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



ஒரு நாட்டில் தலைமை மாறும்போது, அதனோடு பொருளாதாரப் போட்டியில் இருக்கும் இன்னொரு வல்லரசு எப்படி நடந்துகொள்கிறது? இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். அமெரிக்காவில் 2017, 2021, 2025 என மூன்று முறை ஆட்சி கைமாறியது. மூன்று முறையும் சீனாவில் ஷி ஜின்பிங்கே தலைமையில் இருந்தார். ஒரு தரப்பு அப்படியே இருக்க, மறு தரப்பு மட்டும் மாறுகிற இத்தகைய வாய்ப்பு நம் துறையில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் இந்தப் பத்தாண்டை ஒரு சோதனைக்கூடமாகவே எடுத்துக்கொண்டு பேசப்போகிறேன்.

புதிய அதிபர் என்ன சொன்னார், பெய்ஜிங் அதற்கு என்ன பதில் சொன்னது என்றுதான் செய்திகள் நமக்கு வந்து சேருகின்றன. அதைப் படிப்பவர்கள் எதிர்வினை அந்த வாரத்தில் பிறந்தது என்றே எண்ணிக்கொள்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. முந்தைய மோதலில் தனக்கு எங்கே அடி விழுந்தது என்று கணக்குப் பார்த்து, இடைப்பட்ட ஆண்டுகளில் சத்தமில்லாமல் செய்துவைத்த ஏற்பாடுகள்தாம் புதியவர் பதவிக்கு வந்ததும் வெளியே தெரிகின்றன. இந்த ஒரு கருத்தை நிறுவவே இன்று முயல்கிறேன்.

1. முதல் முறை ஆளைப் பார்த்தார்கள்.

2016 நவம்பரில் டொனால்ட் டிரம்ப் வென்றபோது பெய்ஜிங்கிடம் அவரைப் பற்றித் தெளிவான கணிப்பு இல்லை. பதவியேற்பதற்கு முன்பே, டிசம்பர் 2 அன்று, தைவான் அதிபர் சாய் இங்-வென்னுடன் அவர் தொலைபேசியில் பேசினார். 1979-க்குப் பிறகு எந்த அமெரிக்கத் தலைவரும் வெளிப்படையாகச் செய்யாத காரியம் அது. ஆனாலும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யி குற்றத்தைத் தைவான் மீது சுமத்தினார், டிரம்ப்பைத் தொடவில்லை. புதியவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது, அவர் வணிகர், பேரம் பேசினால் இணங்குவார் என்பதே அன்றைய கணக்கு.

அந்தக் கணக்குக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. டிரம்ப் சீனாவுக்குத் தூதராக அனுப்பியவர் அயோவா மாநில ஆளுநர் டெர்ரி பிரான்ஸ்டட். 1985-இல் ஷி ஜின்பிங் ஹெபெய் மாகாணத்தின் இளம் கட்சி நிர்வாகியாக அயோவாவுக்கு வேளாண்மை பார்க்கப் போனபோதே இருவருக்கும் அறிமுகம். முப்பது ஆண்டுப் பழக்கம் உள்ளவர் தூதராக வருவதைப் பெய்ஜிங் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டது. 2017 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் சந்திப்பு. நூறு நாள் வணிகத் திட்டம். 2003 முதல் நின்றுபோயிருந்த அமெரிக்க மாட்டிறைச்சிக்குச் சீனச் சந்தை மீண்டும் திறப்பு. நவம்பரில் டிரம்ப் பெய்ஜிங் வந்தபோது, பழைய பேரரசர்களின் அரண்மனை வளாகத்தில் விருந்து, 25,000 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்த அறிவிப்புகள்.

இந்த விருந்துகளுக்கு முன்பே, 2017 ஜனவரி 17 அன்று, ஷி டாவோஸ் மாநாட்டில் உலகமயத்தை ஆதரித்துப் பேசினார். சீன அதிபர் ஒருவர் அந்த மேடை ஏறியது அதுவே முதல் முறை. ஆறு நாள் கழித்து டிரம்ப் பசிபிக் கூட்டு வணிக உடன்பாட்டிலிருந்து விலகினார். அமெரிக்கா காலிசெய்த இடத்தில் போய் உட்காரலாம் என்ற நம்பிக்கையும் அன்று பெய்ஜிங்கில் இருந்தது.

உபசாரத்தின் பலன் ஓராண்டுகூட நிலைக்கவில்லை.

2. அடி விழுந்த இடங்கள்.

2018 ஜூலை 6 அன்று, 3,400 கோடி டாலர் சீனப் பொருள்கள் மீது 25 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. சீனா அன்றே அதே மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்கள் மீது அதே விகிதத்தில் வரி போட்டது. டாலருக்கு டாலர் திருப்பிக் கொடுப்பது மானத்தைக் காக்கும். ஆனால் அதில் ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. 2017-இல் அமெரிக்கா சீனாவிடம் வாங்கியது சுமார் 50,500 கோடி டாலர் சரக்கு. சீனா அமெரிக்காவிடம் வாங்கியது சுமார் 13,000 கோடி மட்டுமே. 2018 செப்டம்பருக்குள் அமெரிக்க வரி 25,000 கோடி டாலர் சரக்கைத் தொட்டது. சீனாவால் 11,000 கோடி வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் வரி போட அவர்களிடம் அதிக இறக்குமதி இல்லை.

இரண்டாவது அடி இன்னும் ஆழமானது. 2018 ஏப்ரலில் சீனத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான இசட்டிஇ-க்கு அமெரிக்க உதிரிப் பாகங்கள் விற்கத் தடை வந்தது. சில வாரங்களில் அந்த நிறுவனத்தின் முக்கியப் பணிகள் நின்றன. டிரம்ப் மனம் மாறி, 100 கோடி டாலர் அபராதம் வாங்கிக்கொண்டு விட்ட பிறகே அது மூச்சு விட்டது. தன் பெரும் நிறுவனம் ஒன்றின் உயிர் இன்னொரு நாட்டு அதிகாரியின் கையெழுத்தில் தொங்குகிறது என்பதைச் சீனா அன்று கண்ணாரக் கண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் ஹுவாவே மீதும் அதே ஆயுதம் பாய்ந்தது.

சீனாவின் கை ஓங்கிய இடம் ஒன்றும் இருந்தது: சோயா. அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீத வரி விழுந்ததும், சுமார் 1,200 கோடி டாலராக இருந்த அந்த ஏற்றுமதி ஒரே ஆண்டில் 300 கோடி அளவுக்குச் சரிந்தது. அமெரிக்க அரசு விவசாயிகளுக்கு இரு கட்டங்களாக 2,800 கோடி டாலர் வரை நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அடி வாங்கியவர்களில் அயோவா விவசாயிகள் முன்வரிசையில் இருந்தார்கள். ஷி இளமையில் தங்கிப் பழகிய அதே மாநிலம். ஆளோடு உள்ள பழக்கம் கொள்கையைக் காப்பாற்றாது என்பதை இரு தலைநகரங்களும் ஒரே நேரத்தில் கற்றுக்கொண்டன.

2020 ஜனவரி 15 அன்று கையெழுத்தான முதற்கட்ட உடன்பாட்டில், இரண்டு ஆண்டுகளில் கூடுதலாக 20,000 கோடி டாலர் சரக்கும் சேவையும் வாங்குவதாகச் சீனா ஒப்புக்கொண்டது. அந்த இலக்கு நிறைவேறவே இல்லை. கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் இலக்கே நடைமுறைக்கு ஒவ்வாதது என்று கையெழுத்தான வாரத்திலேயே பொருளியலாளர் பலர் சொன்னார்கள்.

3. 2021: மாறியும் மாறாத மாற்றம்.

ஜோ பைடன் பதவியேற்ற நாளன்று, விடைபெற்ற ஆட்சியைச் சேர்ந்த மைக் பாம்பியோ உள்ளிட்ட 28 பேர் மீது சீனா தடை அறிவித்தது. முந்தைய ஆட்சியோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டோம், புதிய ஆட்சியோடு புதிதாகத் தொடங்கலாம் என்ற செய்தி அதில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் சீனத் தரப்பின் யாங் ஜீச்சி, தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்பாகவே அமெரிக்காவைக் கடுமையாகச் சாடினார். பைடன் டிரம்ப்பின் வரிகளை நீக்கவில்லை. 2022 அக்டோபர் 7 அன்று உயர்நிலை சிப்களுக்கும் அவற்றைச் செய்யும் எந்திரங்களுக்கும் விதித்த ஏற்றுமதிக் கட்டுப்பாடு, டிரம்ப் காலத்து வரிகளைவிடச் சீனாவுக்கு வலித்தது. 2024 மே மாதம் சீன மின்வாகனங்களுக்கு 100 சதவீத வரியும் அறிவிக்கப்பட்டது. எந்தக் கட்சி வந்தாலும் திசை இதுவே என்ற முடிவுக்குப் பெய்ஜிங் வந்து சேர்ந்தது இந்த நான்கு ஆண்டுகளில்தான்.

4. இடைவெளி ஆண்டுகளின் வேலை.

என் வாதத்தின் மையம் இங்கே இருக்கிறது. இதற்கு மட்டும் சற்று நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சட்டம். 2018-இல் சீனாவிடம் சுங்க வரியைத் தவிர முறையான ஆயுதம் இல்லை. அதிகாரிகள் சரக்கைத் துறைமுகத்தில் நிறுத்தி வைக்கலாம், அனுமதியை இழுத்தடிக்கலாம், அவ்வளவுதான். 2020 செப்டம்பரில் நம்பத்தகாத நிறுவனங்களின் பட்டியலுக்கு விதிகள் வந்தன. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. 2021 ஜூனில் அந்நியத் தடைகளுக்கு எதிரான சட்டம். அமெரிக்கா வைத்திருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்கும் அதேபோல் ஒன்றைச் செய்துகொண்டது சீனா.

அடுத்தது அரிய மண் தனிமங்கள். 2010-இல் சென்காகு தீவுக் கடலில் சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் காவல் கப்பல்களோடு மோதிய பிறகு, ஜப்பானுக்கு இத்தனிமங்கள் போவது நின்றது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டு 2014-இல் வென்றன. சீனா தன் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறையைக் கைவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்து சீனா கற்ற பாடம் நுட்பமானது என்று நான் கருதுகிறேன். அளவுக் கட்டுப்பாடு வழக்கில் தோற்கும். ஆனால் படைத்துறைக்கும் பயன்படும் பொருள் என்று சொல்லி, நாட்டுப் பாதுகாப்பின் பேரில் உரிமம் கேட்டால் எதிர்த்து வாதாடுவது கடினம். அமெரிக்கா சிப்களுக்குச் சொன்ன காரணமும் அதுவேதான்.

2019 மே மாதம், ஹுவாவே மீது தடை வந்த சில நாள்களில், ஷி ஜியாங்ஷி மாகாணத்தில் இத்தனிமங்களைக் கொண்டு காந்தம் செய்யும் ஆலை ஒன்றைப் போய்ப் பார்த்தார். வணிகப் பேச்சு நடத்திவந்த லியு ஹெயும் உடன் போனார். உலகம் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டது. ஆனால் சீனா அப்போது ஆயுதத்தை எடுக்கவில்லை. எடுப்பதற்கான சட்டம் அன்று இல்லை. 2023 ஆகஸ்டில் காலியம், ஜெர்மானியம் இரண்டிலும் உரிம முறை வந்தது. 2024 டிசம்பர் 3 அன்று, டிரம்ப் மறுபடி வென்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அவ்விரண்டோடு ஆன்டிமனியும் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போவது தடை செய்யப்பட்டது. அன்றைய தடைக்கு நேரடிக் காரணம் பைடன் ஆட்சி முந்தைய நாள் விதித்த சிப் கட்டுப்பாடுதான். ஆயினும் அதைப் படிக்க வேண்டியவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

மூன்றாவது, சந்தையை மாற்றிக்கொண்டது. 2016-இல் சீனா வாங்கிய சோயாவில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் அமெரிக்காவுடையது. 2024-இல் அது இருபது சதவீத அளவுக்கு இறங்கி, பிரேசிலின் பங்கு எழுபதைத் தாண்டியது. சீன ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு 2018-இல் சுமார் 19 சதவீதம். 2024-இல் 15-க்கும் சற்றுக் கீழே. வியட்நாம் வழியாகவும் மெக்சிகோ வழியாகவும் சுற்றிப் போகும் சரக்கை இந்த எண் காட்டாது என்பது உண்மை. அந்தச் சுற்றுவழியும் ஏற்பாட்டின் ஒரு பகுதியே.

5. 2025: ஏற்பாடு வெளியே வந்தது.

இரண்டாம் முறை டிரம்ப் வென்றபோது பெய்ஜிங்கில் பதற்றம் தெரியவில்லை. தேர்தல் முடிந்த மூன்றாம் நாள், 2024 நவம்பர் 8 அன்று, உள்ளாட்சிகளின் மறைமுகக் கடனைச் சீரமைக்க 10 லட்சம் கோடி யுவான் திட்டம் அறிவித்தார்கள். பதவியேற்பு விழாவுக்குத் துணை அதிபர் ஹான் ஜெங்கை அனுப்பினார்கள். மரியாதை இருந்தது. ஆனால் 2017-ஐப் போல் ஓடிப்போய் ஃபுளோரிடாவில் விருந்துண்ணும் அவசரம் இல்லை.

2025 பிப்ரவரி 4 அன்று டிரம்ப்பின் 10 சதவீத வரி நடப்புக்கு வந்த சில நிமிடங்களிலேயே பதில் வந்தது. நிலக்கரிக்கும் எரிவாயுவுக்கும் 15 சதவீதம், கச்சா எண்ணெய்க்கும் பண்ணைக் கருவிகளுக்கும் 10 சதவீதம். கூடவே டங்ஸ்டன் முதலான ஐந்து உலோகங்களுக்கு உரிம முறை, கூகுள் மீது விசாரணை, இரு அமெரிக்க நிறுவனங்கள் நம்பத்தகாதோர் பட்டியலில். இத்தனையையும் ஒரே நாளில் யாரும் யோசித்து எழுத முடியாது.

ஏப்ரல் 2 அன்று 34 சதவீத வரி அறிவிப்பு. ஏப்ரல் 4 அன்று சீனாவின் 34 சதவீதம். அதோடு சமாரியம், டெர்பியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கு உரிமம் கட்டாயம். ஒரு வாரத்தில் அமெரிக்க வரி 145-க்கும் சீன வரி 125-க்கும் ஏறியது. 125-ஐத் தொட்டதும், இனி அமெரிக்கா எவ்வளவு ஏற்றினாலும் தாங்கள் ஏற்றப் போவதில்லை, இந்த விகிதத்தில் வணிகமே நடக்காது என்று சீன நிதி அமைச்சகம் சொல்லிவிட்டது. வரியில் டாலருக்கு டாலர் ஈடுகொடுக்க முடியாது என்ற 2018-ஆம் ஆண்டுச் சிக்கலை அவர்கள் மறக்கவில்லை. அதனால்தான் சண்டையை வரியிலிருந்து காந்தத்துக்கு மாற்றினார்கள். மே மாதம் காந்தம் கிடைக்காமல் சிகாகோவில் ஃபோர்டு கார் ஆலை நின்றது. அதே மாதம் ஜெனீவாவில் இரு தரப்பும் இறங்கிவந்து, வரியை 30-க்கும் 10-க்கும் குறைத்தன.

இலையுதிர் காலத்தில் இதே ஆட்டம் மறுபடி நடந்தது. 2025 செப்டம்பரில் சீனா அமெரிக்காவிலிருந்து ஒரு டன் சோயாகூட இறக்குமதி செய்யவில்லை. அக்டோபர் 9 அன்று அரிய மண் கட்டுப்பாட்டை மேலும் விரித்தது. டிரம்ப் 100 சதவீதக் கூடுதல் வரி போடுவேன் என்றார். அக்டோபர் 30 அன்று பூசானில் அவரும் ஷியும் சந்தித்து ஓராண்டுக்கு ஒத்திவைத்தார்கள். அரிய மண்ணைப் பொறுத்தவரை சீனா நிறுத்திவைத்தது அக்டோபர் 9-இன் விரிவாக்கத்தை மட்டுமே. ஏப்ரல் மாத உரிம முறையின் சட்ட அடிப்படை அப்படியே நிற்கிறது.

6. தலைமை மாற்றம் இறங்கிவர ஒரு வாசலும் ஆகும்.

என் கருத்துக்கு மாறானது போலத் தோன்றும் ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். கொரோனாவின் தோற்றம் குறித்துச் சுதந்திர விசாரணை கேட்டதற்காக, 2020-இல் ஆஸ்திரேலியா மீது சீனாவின் கோபம் திரும்பியது. பார்லிக்கு 80.5 சதவீத வரி, ஒயினுக்கு 218 சதவீதம் வரை வரி, நிலக்கரிக்கு அறிவிக்கப்படாத தடை. 2022 மே மாதம் ஸ்காட் மாரிசன் தோற்று ஆந்தனி அல்பனீஸி பிரதமரானதும் காற்று மாறியது. நவம்பரில் பாலியில் ஷியைச் சந்தித்தார். 2023 ஆகஸ்டில் பார்லி வரி போயிற்று. 2024 மார்ச்சில் ஒயின் வரியும் போயிற்று.

ஆள் மாறினார், உறவு மாறியது என்று இதை வாசிக்கலாம். ஆனால் கான்பெராவின் கொள்கையில் என்ன மாறியது? அமெரிக்க, பிரிட்டிஷ் கூட்டோடு அணுசக்தி நீர்மூழ்கி வாங்கும் திட்டம் தொடர்ந்தது. ஹுவாவே மீது ஆஸ்திரேலியா விதித்திருந்த தடையும் நீடித்தது. குறைந்தது பேச்சின் காரம் மட்டுமே. மாறாக, சீனாவின் தண்டனைதான் பலிக்காமல் போயிருந்தது. ஆஸ்திரேலிய பார்லி வேறு நாடுகளுக்குப் போனது, நிலக்கரி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் போனது. எரிபொருள் தட்டுப்பாட்டில் சீன நகரங்களே 2021-இல் மின்வெட்டைச் சந்தித்தன. தோற்ற கொள்கையிலிருந்து முகம் கெடாமல் வெளியேறப் பெய்ஜிங்குக்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. புதிய பிரதமர் அந்தச் சந்தர்ப்பத்தைத் தந்தார். ஆக, இங்கேயும் முடிவைத் தந்தது முந்தைய மோதலின் கணக்குத்தான்.

7. இதில் சீனாவின் வலிமை எவ்வளவு?

சீனா எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிந்து காய் நகர்த்தியது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017-இல் அவர்கள் டிரம்ப்பைத் தவறாக எடைபோட்டார்கள். எவர்கிராண்டே என்ற வீட்டுமனை நிறுவனத்தின் சரிவில் வெளிப்பட்ட வீட்டுமனைத் துறை நெருக்கடி இன்னும் தீரவில்லை. உள்நாட்டு மக்கள் செலவழிக்கத் தயங்குவதால்தான் ஏற்றுமதி இவ்வளவு பெருகுகிறது. 2025 மே மாதம் அமெரிக்காவுக்கான சீன ஏற்றுமதி, முந்தைய ஆண்டு மே மாதத்தைவிட 34.5 சதவீதம் வீழ்ந்தது. இருந்தும் மொத்த ஏற்றுமதி 4.8 சதவீதம் கூடியது. அந்த ஆண்டின் முதல் பதினொரு மாதங்களில் வணிக உபரி 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கா மறுத்த சரக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்து இறங்குகிறது. அங்குள்ள சிறு ஆலைகள் அதன் சுமையைத் தாங்குகின்றன. இரண்டு வல்லரசுகளின் மோதலில் மூன்றாம் நாட்டுத் தொழிலாளிக்கு நேரும் இழப்பை நம் துறை போதிய அளவு ஆராயவில்லை என்பது என் வருத்தம்.

8. நமக்கு இதில் என்ன?

வாஷிங்டனைக் குறிவைத்த ஏப்ரல் 4 ஆணை ஓசூரையும் தொட்டது. உரிமம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது என்பதால், மின் ஸ்கூட்டர் மோட்டாருக்கான காந்தம் கிடைக்காமல் இந்திய உற்பத்தியாளர்களும் தவித்தார்கள். அதே கோடையில், ஃபாக்ஸ்கானின் தென்னிந்திய ஐபோன் ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. தொழில் அறிவு கைமாறுவதையும் ஏற்றுமதிக் கட்டுப்பாடாகவே சீனா பார்க்கத் தொடங்கிவிட்டது என்று அதை நான் வாசிக்கிறேன்.

மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இருக்கிறது. ஆனால் நம் கடற்கரை மோனசைட்டில் கிடைப்பவை பெரும்பாலும் இலேசான தனிமங்கள். சூட்டைத் தாங்கும் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் அதில் மிகக் குறைவு. கிள்ளியூர் வட்டாரத்தில் புதிதாக மணல் அள்ளும் திட்டத்துக்கு மீனவ மக்கள் தெரிவிக்கும் எதிர்ப்பு நியாயமான அச்சங்களிலிருந்து எழுவது; அதைத் தாண்டிக்கொண்டு போக எந்த அரசுக்கும் உரிமை இல்லை. மண்ணில் தாது இருப்பது வேறு. அதைப் பிரித்து, உலோகமாக்கி, காந்தமாக்கும் ஆலைகள் இருப்பது வேறு. சீனா அந்தச் சங்கிலியை அமைக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இந்திய அரசு 2025 நவம்பரில்தான் 7,280 கோடி ரூபாயில் காந்த உற்பத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

அமெரிக்காவின் அடுத்த அதிபர் 2029 ஜனவரி 20 அன்று பதவியேற்பார். அன்று பெய்ஜிங் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான விடை இப்போதே எழுதப்பட்டு வருகிறது. சீன வணிக அமைச்சகத்தின் அறிவிப்புகளில், சுங்கத் துறையின் மாதப் புள்ளிவிவரங்களில், மக்கள் பேராயம் நிறைவேற்றும் சட்டங்களில். ஏழு தனிமங்களைக் கட்டுப்படுத்திய 2025-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் அறிவிப்பும் அப்படியொரு பொது ஆவணமே. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களில் இவற்றை மூல மொழியில் படிக்கக்கூடிய பொருளியல் ஆய்வாளர்கள் மிகச் சிலரே. இந்தத் துறைத் தலைவரிடமும் அறக்கட்டளையாரிடமும் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: அடுத்த ஆண்டு முதல், சீன மொழி கற்க முன்வரும் ஆய்வு மாணவர் இருவருக்கு இந்த நிதியிலிருந்து உதவித்தொகை கொடுங்கள்.